நட்சத்திரம் உதறிவிட்ட புகையைக் கணக்குப் போட்டவர்!

மார்கழி மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. திருநெல்வேலி சுலோச்சனா முதலியார் பாலத்துல பைக்கை ஓரமா நிறுத்திட்டு, தாமிரபரணியைப் பாருங்க. தண்ணிக்கு மேல மெல்லிசா பனிமூட்டம். அக்கரையில ஒரு தெருவிளக்கு. அது விளக்கு மாதிரியே தெரியாது. பஞ்சுப் பொதிக்குள்ள யாரோ வெளிச்சத்தை ஒளிச்சு வெச்ச மாதிரி, சுற்றிலும் ஒரு மங்கல் வளையத்தோட தெரியும்.

அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதி விளக்கிலிருந்து உங்க கண்ணுக்கு நேரா வந்ததில்லை. ஒரு பனித்துளியில் பட்டு, திசை மாறி, இன்னொன்றில் பட்டு, திரும்பி, சுற்றி வந்து சேர்ந்தது. இப்போ ஒரு கேள்வி. இந்த மங்கல் வெளிச்சத்தை மட்டும் வைத்து, நடுவில் எவ்வளவு பனி இருக்கு, விளக்கு எவ்வளவு பிரகாசம் என்று சொல்ல முடியுமா?

பாலத்துல நிற்கிற நமக்கு இது சும்மா ஒரு யோசனை. வானியல் ஆய்வாளர்களுக்கு இதுதான் அன்றாட வேலை. விளக்குக்குப் பதில் ஒரு நட்சத்திரம். பனிக்குப் பதில் அது உதறிவிட்ட வாயுவும் தூசியும். பக்கத்தில் போய்ப் பார்க்க வழியே இல்லை. வந்து சேரும் வெளிச்சம் மட்டும்தான் சாட்சி.

அந்தச் சாட்சியை விசாரிக்கக் கணக்கு வழியில் ஒரு முறையை வகுத்துக் கொடுத்தவர்களில் முதல் வரிசைக்காரர், ஒரு தமிழர். சுப்பிரமணியன் சந்திரசேகர். பாடப் புத்தகத்தில் நோபல் பரிசு என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனா அவர் கதையில், உங்க வயசுக்காரங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒரு பகுதி இருக்கு. எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட 24 வயசுப் பையன் அடுத்து என்ன செய்தான் என்பதுதான் அது.

லாகூரில் பிறந்த தஞ்சாவூர்க் குடும்பத்துப் பையன்

சந்திரசேகர் நம்ம ஆற்றங்கரைக்காரர் இல்லை. பூர்வீகம் காவிரிப் பக்கம். அப்பா சுப்பிரமணிய ஐயருக்கு ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம் என்பதால், 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்த ஆண் பிள்ளை. சர் சி.வி.ராமன் இவருக்குச் சித்தப்பா.

அம்மா சீதாலட்சுமிக்குப் பெரிய பள்ளிப் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் இப்சன் எழுதிய, ஒரு பெண் தன் வீட்டைவிட்டு வெளியேறும் புகழ்பெற்ற நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பையனுக்கு வீட்டில் தமிழ் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

குடும்பம் சென்னைக்கு வந்தது. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. 1930ல் கேம்பிரிட்ஜில் படிக்க அரசு உதவித்தொகை கிடைத்தது. அந்த நேரத்தில் அம்மா கடும் நோயில் இருந்தார். போகலாமா வேண்டாமா என்று பையன் தவித்தபோது, போய்த்தான் ஆகணும் என்று நின்றவர் அந்த அம்மா. ஜூலை கடைசியில் கப்பல் பம்பாயை விட்டது. மறு வருஷம் மே மாதம் அம்மா இறந்துபோனார். மகனால் வந்து பார்க்க முடியவில்லை.

கப்பலில் போட்ட கணக்கு

கப்பல் பயணம் பல நாள். கையில் ஃபோன் இல்லை, வைஃபை இல்லை. 19 வயது சந்திரசேகர் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தார்.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி, பூமி அளவுள்ள ஒரு அடர்ந்த உருண்டையாக முடியும். அதுக்குப் பேர் வெள்ளைக் குள்ளன். எல்லா நட்சத்திரமும் இப்படித்தான் அமைதியாக அடங்கும் என்பது அப்போதைய நம்பிக்கை. சந்திரசேகர் அந்தக் கணக்கில் ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்த்துப் பார்த்தார். விடை ஒரு வரம்பைக் காட்டியது. குறிப்பிட்ட நிறைக்கு மேல் போனால் வெள்ளைக் குள்ளனாக நிற்கவே முடியாது, சுருக்கம் தொடரும். இன்றைய கணக்கில் அந்த வரம்பு சூரியனைப்போலச் சுமார் 1.4 மடங்கு. இன்று உலகம் முழுக்க அதைச் சந்திரசேகர் வரம்பு என்றுதான் சொல்கிறார்கள்.

1935 ஜனவரி 11

கேம்பிரிட்ஜில் அவர் அந்தக் கணக்கை இன்னும் துல்லியமாகச் செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் வானியலின் பெரிய பெயர் ஆர்தர் எடிங்டன். அவர் இந்த இளைஞனின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துப் போவார். ஒரு கணக்கு இயந்திரத்தைக்கூட ஏற்பாடு செய்து கொடுத்தார்.

லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் தன் முடிவை வாசித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தவர், அந்த முடிவு அபத்தம், இயற்கை அப்படி நடந்துகொள்ளாது என்று சபையில் கிண்டலாக நிராகரித்தார். சபை சிரித்தது. பதில் சொல்லக்கூட இளைஞனுக்கு வாய்ப்பு தரப்படவில்லை. அன்றைக்கு அவருக்கு வயசு 24.

அதைவிட வலித்தது ஒன்று உண்டு. பௌலி, ரோசன்ஃபெல்ட் போன்ற பெரிய இயற்பியல் அறிஞர்கள், கணக்கு சரிதான் என்று தனியாகச் சொன்னார்கள். வெளியில் வந்து எடிங்டனை எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. கணக்கு சரியாக இருந்தும் தோற்றுப்போனவர் போல அவர் நின்றார்.

இந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? பெரிய போஸ்ட் போடுவீங்களா? மொத்தமா விட்டுட்டு ஊருக்கு வந்துடுவீங்களா?

அவர் இரண்டும் செய்யவில்லை. தெரிந்ததையெல்லாம் சேர்த்து ஒரு முழுப் புத்தகமாக எழுதினார். நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றிய அந்த நூல் 1939ல் வெளிவந்தது. தன் கணக்கை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அதில் வைத்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, முற்றிலும் வேறு துறைக்குப் போனார். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவருடைய பழக்கமே அதுதான். ஒரு துறையில் சில ஆண்டுகள் மூழ்குவது, முழுசாகக் கற்றதை ஒரு பெரிய நூலாக எழுதுவது, அடுத்த துறையில் முதல் வகுப்பு மாணவனாகப் போய் உட்காருவது.

எட்டு அணைக்கட்டும் ஒரு ஒளிக்கதிரும்

1936ல் ஊருக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தனக்கு ஒரு வருஷம் பின்னால் இயற்பியல் படித்த லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1937 தொடக்கத்தில் இருவரும் அமெரிக்கா போனார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரிக்கரைச் சின்ன ஊர் ஒன்றில் இருந்த யெர்க்ஸ் வானாய்வகம், அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருந்தது. அங்கேயும் சங்கடம் இருந்தது. கறுத்த நிறத்துக்காரர் வளாகத்தில் வகுப்பெடுப்பதை ஒரு பொறுப்பாளர் எதிர்த்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் குறுக்கிட்டதால்தான் அது நடந்தது.

அந்த ஏரிக்கரையில், 1940களில், அவர் கையில் எடுத்த புதிய விஷயம்தான் நாம பாலத்துல நின்னு கேட்ட கேள்வி. வாயுவுக்கும் தூசிக்கும் நடுவே வெளிச்சம் எப்படிப் பயணம் செய்கிறது?

இதைப் புரிஞ்சுக்க நம்ம ஆற்றைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாபநாசத்தில் மலை இறங்கும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று வந்து ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். ஒவ்வொரு அணைக்கட்டிலும் கால்வாய் வழியாகக் கொஞ்சம் தண்ணி வெளியே போகும். நடுவில் மணிமுத்தாறு, பச்சையாறு, சிற்றாறு வந்து கொஞ்சம் சேரும். ஸ்ரீவைகுண்டத்துக்கு எவ்வளவு வரும் என்று தெரியணும்னா, ஒவ்வொரு இடத்திலும் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று வரவு செலவு எழுதணும்.

ஒளிக்கும் அதே வரவு செலவுதான். வாயுவும் தூசியும் வழியில் கொஞ்சம் ஒளியை விழுங்கும், அது கால்வாய். சூடான வாயு தானே ஒளியை வெளியிடும்; அது துணை ஆறு. ஆனா ஒரு இடத்துல ஆறு தோற்றுப்போகும். ஸ்ரீவைகுண்டம் வந்த தண்ணி திரும்பிப் பாபநாசத்துக்குப் போகாது. ஒளி போகும். ஒரு தூசியில் பட்ட ஒளி முன்னாலும் சிதறும், பின்னாலும் சிதறும். அதனால் ஒரு இடத்துக் கணக்கை முடிக்க, மற்ற எல்லா இடத்துக் கணக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கணும். பாம்பு தன் வாலையே கடிக்கிற மாதிரியான கணக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு அழகான வழி இருந்தது. சோவியத் நாட்டு வானியலாளர் விக்டர் அம்பார்ட்சூமியன் தொடங்கிவைத்தார். சந்திரசேகர் அதை முழுமையாக வளர்த்தெடுத்தார். அளவில்லாத் தடிமன் கொண்ட ஒரு மேகத்தை நினைச்சுக்கோங்க. அதன் மேல் அதே மாதிரி இன்னொரு மெல்லிய படலத்தைப் போர்த்தினால், மேகம் திருப்பி அனுப்பும் ஒளி மாறுமா? மாறாது. ஏற்கெனவே முடிவில்லாத தடிமன்தானே! மாறாது என்ற இந்த ஒரே உண்மையிலிருந்து, உள்ளே நடக்கும் கோடிக்கணக்கான மோதல்களை எண்ணாமலேயே, வெளியே வரும் ஒளியைக் கண்டுபிடிக்கும் சமன்பாடுகளை அவர் வருவித்தார்.

கம்ப்யூட்டர் என்பது ஒரு ஆளின் பெயராக இருந்த காலம்

சமன்பாடு கிடைத்தால் போதாது; அதற்கு எண் விடை வேணும். இன்று லேப்டாப் செய்கிற வேலையை அன்று மனிதர்கள் செய்தார்கள். கம்ப்யூட்டர் என்பதே அப்போது ஒரு வேலைப் பதவி. மேசைமேல் வைத்த கணக்கு இயந்திரத்தில் நாள் முழுக்க எண்களைப் போட்டு அட்டவணை தயாரிப்பவர். அந்த வேலையில் இருந்தவர்களில் பலர் பெண்கள்.

சந்திரசேகருடன் ஃபிரான்செஸ் பிரீன் இந்த வேலையைச் செய்தார். பல ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் இருக்கிறது. 1948ல் வந்து சேர்ந்தவர் டோனா எல்பர்ட், அதே ஏரிக்கரை ஊர்ப் பெண். சுமார் 30 ஆண்டுகள் கூடவே இருந்து கணக்குப் போட்டார். பின்னர் சந்திரசேகர் எழுதிய பாய்மவியல் நூலின் கணக்குகளுக்குள் எல்பர்ட் கண்டெடுத்த ஒரு நுட்பத்தை, கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 2022ல் மீண்டும் வெளிக்கொண்டு வந்து, அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். புத்தக அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கும். உள்ளே இருக்கும் எண்களில் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்று இனிமேல் யோசிச்சுப் பாருங்க.

இருவரும் சேர்ந்து, சூரிய வெளிச்சம் பட்ட நம்ம நீல வானத்தின் ஒளியையும் முழுசாகக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். சித்தப்பா ராமன் கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலம் என்று கேட்டவர். அண்ணன் மகன் வானத்தைக் கணக்குப் போட்டு முடித்தார்.

இப்போ அந்தப் புகைக்கு வருவோம்

உங்க ஃபோன்ல ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் எடுத்த படம் எப்பவாவது வால்பேப்பரா இருந்திருக்கும். 2022 ஜூலையில் வெளியான முதல் படங்களில் ஒன்று, நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் விரியும் வளையம் கொண்ட தெற்கு வளைய நெபுலா. இந்த வகைக்குப் பேர் கிரக நெபுலா. கிரகத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் தன் டெலஸ்கோப்பில் பார்த்தபோது கிரகம் போல வட்டமாகத் தெரிந்ததால் வந்த பேர், அப்படியே நின்றுவிட்டது.

உண்மையில் இது சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் உதறிவிட்ட வாயு. நடுவே மிச்சமிருக்கும் சூடான மையம் புற ஊதா ஒளியைக் கொட்டுகிறது. அதில் வாயு சுமார் 10,000 டிகிரிக்குச் சூடாகி ஒளிர்கிறது. கூடவே கரிமத் துகள்களும் மணல் போன்ற சிலிக்கேட் துகள்களும் தூசியாக மிதந்து, ஒளியை விழுங்கி, அகச்சிவப்பாகத் திருப்பித் தருகின்றன. சில பத்தாயிரம் ஆண்டுகளில் எல்லாம் விண்வெளியில் கரைந்துவிடும்.

1945ல் சந்திரசேகர், விரிந்துகொண்டிருக்கும் கிரக நெபுலாவுக்குள் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்றே ஒரு கட்டுரை எழுதினார். ஹைட்ரஜன் வாயு ஒரு குறிப்பிட்ட புற ஊதா நிறத்தை விழுங்கும், உடனே துப்பும். பக்கத்து அணு அதை விழுங்கும், துப்பும். நெபுலா அசையாமல் இருந்தால் அந்த ஒளி வெளியே போகமுடியாமல் உள்ளேயே சிக்கி, வாயுவைப் பலமாகத் தள்ளும். ஆனால் நெபுலா விரிகிறது. நம்மை விட்டு விலகிப்போற ஆம்புலன்ஸ் சைரன் சுருதி இறங்குதே, அதே மாதிரி விலகும் வாயுவில் ஒளியின் நிறம் லேசா நகர்ந்துவிடும். நிறம் நகர்ந்த ஒளியை அடுத்த அணுக்களால் பிடிக்க முடியாது. அது தப்பித்து வெளியே வரும், தள்ளும் அழுத்தமும் குறையும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், காகிதத்தில் போட்ட நெபுலா மாடல் அது.

1978ல், இளம் சந்திரசேகர் சிரிப்புக்கு ஆளான அதே கேம்பிரிட்ஜ் காலத்தின் ஊரில், கேரி ஃபெர்லண்ட் என்ற ஆய்வாளர் கிளவுடி என்ற புரோகிராமை எழுதத் தொடங்கினார். நட்சத்திரத்தின் வெப்பம், வாயுவின் அடர்த்தி, தூசியின் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், அந்த நெபுலா எப்படி ஒளிரும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். டெலஸ்கோப்பில் தெரிவதோடு ஒத்துப்போகவில்லையா? எண்களை மாற்றி மறுபடி ஓட்டு. 2003ல் வெளிவந்த மொகாசின் என்ற புரோகிராம், ஒளிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக நெபுலாவுக்குள் அனுப்பி, எங்கே மோதும், எங்கே திரும்பும் என்று தாயம் உருட்டுவதுபோலப் பின்தொடர்கிறது. எந்தக் கருவியானாலும் அடியில் இருப்பது, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்ற அதே வரவு செலவுதான். சந்திரசேகர் 1950ல் வெளியிட்ட கதிர்வீச்சுப் பரிமாற்ற நூல், அந்தத் துறையில் இன்றும் கையில் எடுக்கப்படும் புத்தகம்.

இரண்டு கணக்கும் சேரும் இடம்

இப்போ கவனிங்க. சூரியனைப்போல நாலைந்து மடங்கு நிறையுள்ள ஒரு நட்சத்திரம் எப்படி வெள்ளைக் குள்ளனாக முடியும்? 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் நிற்க முடியாதே! கடைசிக் காலத்தில் அது தன் வாயுவில் பெரும்பகுதியை உதறி, எடையைக் குறைத்து, அந்த வரம்புக்குக் கீழே வந்துவிடுகிறது. உதறியதில் கடைசிப் பங்குதான் கிரக நெபுலாவாக ஒளிர்கிறது. நடுவில் நிற்கிற புள்ளி, வெள்ளைக் குள்ளனாகப் போகிற மையம்.

அதாவது, 19 வயதில் கப்பலில் போட்ட கணக்கு நடுப்புள்ளியைப் பற்றியது. அவமானத்துக்குப் பிறகு வேறு திசையில் போய்ப் போட்ட கணக்கு, சுற்றியுள்ள புகையைப் பற்றியது. விட்டு விலகிப் போனதாக நினைத்த மனுஷன், ஒரே படத்தின் இரண்டு பாதியையும் வரைந்து வைத்திருந்தார்.

எடிங்டன்மேல் அவர் கசப்பு வளர்க்கவில்லை. 1944ல் எடிங்டன் இறந்தபோது, அந்தக் காலத்தின் மிகச்சிறந்த வானியலாளர்களில் ஒருவர் என்று மரியாதையோடு பேசினார். 1983ல் எடிங்டனைப் பற்றியே ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அதே வருஷம் அக்டோபர் 19, அவருடைய 73ஆவது பிறந்தநாளில், நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. வில்லியம் ஃபௌலரோடு பகிர்ந்துகொண்ட பரிசு. கப்பல் கணக்குக்கும் அதற்கும் இடையே 53 ஆண்டுகள்!

1995 ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் அவர் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1999 ஜூலையில், அவர் பெயரைச் சுமந்து சந்திரா எக்ஸ் கதிர் டெலஸ்கோப் விண்ணுக்குப் போனது. பூனைக்கண் என்று பெயருள்ள கிரக நெபுலாவின் நடுவே, பல லட்சம் டிகிரி சூட்டில் ஒரு வாயுக் குமிழி இருப்பதை அது படம் பிடித்தது.

ஒரு தேர்வு, ஒரு இன்டர்வியூ, கூட்டத்தில் ஒருத்தர் சிரித்த சிரிப்பு. நம்மில் பலருக்கு ஒரு 1935 ஜனவரி இருக்கும். சந்திரசேகரின் வழி எல்லாருக்கும் ஒத்துவரும்னு சொல்ல முடியாது. அவர் காத்திருந்த மாதிரி 53 வருஷம் காத்திருக்கணும்னும் இல்லை. ஆனா கணக்கு சரின்னு தெரிஞ்சா அதை அழிக்காம எழுதி வெச்சுட்டு, அடுத்த நோட்டைத் திறக்கலாம். அவ்வளவுதான் அவர் செய்தது.

அடுத்த தடவை அந்தப் பாலத்துல போறப்போ, கொக்கிரகுளம் பக்கம் இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்குள்ளயும் ஒருநாள் எட்டிப் பாருங்க. பனி இருந்தா, அந்தத் தெருவிளக்கையும் ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. அதைச் சுற்றித் தெரியும் மங்கல் வளையத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு.